எண் இல்லாத கேள்வியில் தடுமாறும் மாணவர்கள்: பௌதிகவியலில் விளக்கத்தைச் சோதிப்பது எப்படி?

பரந்தன் ஆசிரியை எழுதியது:

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்து வருகிறேன். சென்ற தவணையில் இயக்கவியல் அலகை முடித்தபோது நடந்த ஒரு சிறு விடயம் இன்னமும் மனதை உறுத்திக்கொண்டிருப்பதால், அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒரு பந்து செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்துடன் நிலைக்குத்தாக மேல்நோக்கி எறியப்பட்டால் அது எவ்வளவு உயரம் எழும் என்று கேட்டேன். ஓரிருவரைத் தவிர வகுப்பு முழுவதும் புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்து, சமன்பாட்டில் பிரதியிட்டு, 20 மீற்றர் என்ற விடையைப் பிழையில்லாமல் எழுதியது. அதே பந்தை வைத்து, அதே பாடவேளையில், இன்னொன்றையும் கேட்டேன்: வளித்தடையைப் புறக்கணித்தால், பந்து அதியுயர் புள்ளியில் இருக்கும் கணத்தில் அதன்மீது தாக்கும் விசைகளை அம்புக்குறியிட்டுக் காட்டுக. பெரும்பாலானோர் மேலே ஒன்று, கீழே ஒன்று எனச் சமமான இரண்டு அம்புகளை வரைந்தார்கள். சிலர் பந்து அங்கே ஓய்வில் இருப்பதால் விசையே இல்லை என்று எழுதினார்கள். அங்கே தாக்குவது புவியீர்ப்பு மட்டுமே என்று சரியாகக் கண்டு, கீழ்நோக்கி ஒரேயோர் அம்பை மட்டும் வரைந்தவர்கள் நான்கு பேர்.

கணக்கை எல்லோருக்கும் முன்பாகச் செய்து முடித்த மாணவியிடம் அந்த மேல் அம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “கை குடுத்த விசை ரீச்சர். அது குறைஞ்சு குறைஞ்சு வந்து உச்சியில புவியீர்ப்புக்குச் சமனாகுது. அதாலதான் பந்து அங்க நிக்குது” என்றாள். அவளுடைய குரலில் ஒரு தயக்கமும் இருக்கவில்லை. நியூற்றனின் முதலாம் விதியைக் கேட்டால் நித்திரையிலும் ஒப்புவிக்கக்கூடிய பிள்ளை அவள்.

என் கேள்விகள் இவைதாம். கணக்குச் செய்யும் திறமைக்கு அடியில் இருக்கும் விளக்கத்தை, அல்லது விளக்கமின்மையை, வெளியே கொண்டுவரும் வினாக்களை எப்படி அமைப்பது? அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு பல்தேர்வு வினாத்தொகுதி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைத் தமிழாக்கி அப்படியே கொடுத்துவிடலாமா? அப்படிக் கொடுத்தால் அதற்குப் புள்ளி வழங்க வேண்டுமா?


குளக்கட்டு எழுதியது:

அந்த மாணவி சொன்ன வாக்கியத்தை அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். நீங்கள் ஆக்கப்போகும் பல்தேர்வு வினாவின் முதலாவது பிழையான தெரிவு அதுதான். ஆசிரியர்களாகிய நாங்கள் மேசையில் இருந்து யோசித்து எழுதும் பிழையான தெரிவுகளை ஒரு பிள்ளையும் தெரிவதில்லை. அவை எங்களுக்குத்தான் பிழைபோலத் தெரிகின்றன, அவர்களுக்கு வெறும் அபத்தமாகத் தெரிகின்றன.


ஒட்டுசுட்டான் ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் உங்கள் மாணவிக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எறியப்பட்ட பொருளுக்குள் ஒரு விசை பதிந்து, அது மேலே போகப் போகக் குறைந்து, திரும்பும் இடத்தில் பொருளின் நிறைக்குச் சமனாகிறது என்பது, 1590ஆம் ஆண்டளவில் பீசாவில் கற்பித்துக்கொண்டிருந்த இளம் கலிலியோவும் கொண்டிருந்த கருத்துத்தான். பிறகுதான் அவர் அதைக் கைவிட்டார். ஆகவே அந்தப் பிள்ளை கவனக்குறைவால் பிழைவிடவில்லை. உலகத்தைப் பார்த்துத் தானாகக் கட்டிக்கொண்ட ஒரு கொள்கை அவளிடம் இருக்கிறது. நாங்கள் நியூற்றனின் மூன்று விதிகளையும் அதற்கு மேலே வெள்ளையடித்துவிட்டுப் போய்விட்டோம்.

நீங்கள் கேள்விப்பட்ட வினாத்தொகுதியை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹெஸ்டனஸ் தம்முடன் இருவரைச் சேர்த்துக்கொண்டு 1992இல் வெளியிட்டார். விசை எண்ணக்கரு வினாத்தொகுதி என்று தமிழில் சொல்லலாம். 1995இல் திருத்தப்பட்ட வடிவத்தில் 30 வினாக்களும் ஒவ்வொன்றுக்கும் 5 தெரிவுகளும் இருக்கின்றன. கணக்குப் போட வேண்டிய தேவை ஓரிடத்திலும் வராது. அதன் பலம் சரியான விடைகளில் இல்லை, பிழையான தெரிவுகளில்தான் இருக்கிறது. மாணவர்களைத் திறந்த வினாக்களுக்கு எழுதவிட்டும் நேரில் பேசவிட்டும் அவர்கள் வாயிலிருந்து வந்தவற்றையே தெரிவுகளாக்கினார்கள். குளக்கட்டு அவர்கள் மேலே சொன்னது அதுவேதான்.

இனித் தமிழாக்கத்துக்கு வருவோம். அப்படியே மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் “விசையாய்ப் போ” என்றால் விரைவாகப் போ என்று பொருள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் “பந்தின்மீது தாக்கும் விசை யாது” என்று நாங்கள் கேட்கும்போது, அவள் பாதி மனதால் பந்தின் விரைவைப் பற்றி யோசிக்கிறாள். உச்சியில் விரைவு இல்லை, ஆகவே விசையும் இல்லை என்று எழுதிய உங்கள் மற்றைய மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் பௌதிகவியல் பிழைத்ததா, தமிழ் பிழைத்ததா என்பதைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். வேகமும் கதியும் இன்னொரு சிக்கல். பாடநூலில் வேகம் திசையுள்ள கணியம், கதி திசையில்லாத கணியம். வீதியில் எல்லாமே வேகம்தான், “கெதியா வா” என்பதில் மட்டும் கதி எட்டிப்பார்க்கிறது. நிறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடைத் தராசு நிறையைக் கிலோகிராமில் சொல்கிறது, நாங்களோ அதைத் திணிவு என்று திருத்தி, நிறையை நியூற்றனில் எழுதச் சொல்கிறோம். (வலு என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். “வலு கெட்டிக்காரன்” என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு, ஒரு செக்கனில் செய்யப்படும் வேலையை அந்தச் சொல்லில் காண்பது வலு கஷ்டம்.) ஆகவே வினாத்தொகுதியைக் கொடுப்பதற்கு முதல்நாள், விசை, வேகம், நிறை ஆகிய ஒவ்வொரு சொல்லையும் வைத்து வீட்டில் பேசும் ஒரு வாக்கியத்தை எழுதிவரச் சொல்லுங்கள். அந்தத் தாள்களை வாசித்த பிறகு உங்கள் வினாக்களின் மொழிநடை தானாக மாறும்.

பொருள்களையும் மாற்றத்தான் வேண்டும். மூலத்தில் உராய்வில்லாத கிடைப்பரப்பில் வழுக்கிச் செல்லும் ஹொக்கி வில்லை ஒன்று சில வினாக்களில் வருகிறது. எங்கள் பிள்ளைகள் கண்டது பவுடர் தூவிய கரம் பலகையில் ஓடும் காயை. உராய்வு மிகக் குறைந்த பரப்பில், விரலை விட்டு நீங்கிய பிறகு காயின்மீது முன்னோக்கி ஒரு விசை இருக்கிறதா என்று கேட்டால், அது அதே எண்ணக்கருவைத்தான் தொடும். ஒரே எண்ணக்கருவை ஒரு தடவை மட்டும் கேட்டு நிறுத்திவிடவும் கூடாது. நியூற்றனின் மூன்றாம் விதியை அந்த வினாத்தொகுதி 4 வினாக்களில், வேறுவேறு வேடங்களில் கேட்கிறது. ஒன்றில் சரியாகவும் மற்றொன்றில் பிழையாகவும் விடையளிக்கும் பிள்ளையிடம் இருப்பது விளக்கம் அல்ல, ஞாபகம்.


வவுனியா வகுப்பு எழுதியது:

ஐயா எழுதியதை மதிக்கிறேன், ஆனால் நடைமுறையையும் யாராவது சொல்ல வேண்டும். உயர்தரப் பரீட்சையின் முதலாம் பகுதியில் 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. பாடத்திட்டமோ கடல்போல விரிந்து கிடக்கிறது. இரண்டு பாடவேளையை உச்சிப் புள்ளியில் நிற்கும் பந்துக்குச் செலவழித்தால், வெப்பமும் சடப்பொருளும் எப்போது முடிவது? கடந்தகால வினாத்தாள்களைத் தொடர்ந்து செய்யும் மாணவன் காலப்போக்கில் இவற்றையும் பிடித்துக்கொள்வான் என்பதே என் அனுபவம்.


ஒட்டுசுட்டான் ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

தம்பி, அந்த 50 வினாக்களில் மாணவர்கள் பிழைவிடுபவை எவை என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். நீண்ட பிரதியீடு உள்ளவை குறைவாகவும், “பின்வரும் கூற்றுகளுள் எது உண்மையானது” என்று தொடங்குபவை கூடுதலாகவும் இருப்பதை நான் பல வருடம் கண்டிருக்கிறேன். நேரம் போதாது என்பது உண்மை. விளங்காத பிள்ளைக்கு அது இன்னும் போதாது.


அறிவியல் நகர் மாணவன் எழுதியது:

வணக்கம் ரீச்சர், வணக்கம் ஐயா. நான் அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மசூரின் கதையை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள், ஆனாலும் இந்த இடத்துக்குப் பொருந்துவதால் சொல்கிறேன். தம் மாணவர்கள் நன்றாகப் புள்ளி எடுப்பதால் தம்மை நல்ல ஆசிரியர் என்று நம்பியிருந்த அவர், 1990இல் இப்படியான எண்ணக்கரு வினாக்களைத் தம் வகுப்பில் கொடுத்தார். அப்போது ஒரு மாணவி, நீங்கள் படிப்பித்தபடி விடை எழுதுவதா, நான் வழமையாக நினைக்கிறபடி எழுதுவதா என்று அவரிடமே கேட்டுவிட்டாள். ரீச்சருடைய மாணவி வாயால் கேட்கவில்லை, இரண்டு அம்புகளால் கேட்டிருக்கிறாள் என்றே எனக்குப் படுகிறது.

மசூர் பிறகு செய்தது எங்கள் வகுப்பறைக்கும் செலவில்லாமல் பொருந்தும். ஒரு வினாவைக் காட்டி, ஒருவரோடொருவர் பேசாமல் ஒவ்வொருவரும் விடையைத் தெரிய வேண்டும். ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கும் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் இடைப்பட்ட தொகையினர் சரியாகச் சொல்லியிருந்தால், சரியான விடையை வெளியிடாமல், பக்கத்திலிருப்பவரை இணங்கவைக்கும்படி விட வேண்டும். சில நிமிடத்தின் பின் மீண்டும் தெரிவு. மிகக் குறைவானவர்களே சரியாகச் சொல்லியிருந்தால் அங்கே விவாதத்தால் பயனில்லை, ஆசிரியர்தான் திரும்ப விளக்க வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சுக்கு முன்னால் விரலை உயர்த்தினால் போதும், அயலவனைப் பார்த்து விரலை மாற்றும் வேலை நடக்காது.

அளப்பதைப் பற்றியும் ஒன்று. பாடத்துக்கு முன்னர் ஒரு தடவையும் பின்னர் ஒரு தடவையும் அதே வினாக்களைக் கொடுத்து, கூடிய புள்ளியைக் கூடியிருக்கக்கூடிய புள்ளியால் பிரிப்பார்கள். 30 வீதத்தில் இருந்து 51 வீதத்துக்கு வந்த வகுப்பு, எட்ட வேண்டியிருந்த 70இல் 21ஐ எட்டியது, அதாவது 0.3. 70இல் இருந்து 79க்கு வந்த வகுப்பும் எட்ட வேண்டிய 30இல் 9ஐ எட்டியதால் அதுவும் 0.3தான். கெட்டிக்கார வகுப்பு என்று சொல்லித் தப்ப முடியாது. அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் வெளியிட்ட ஆய்வில் 62 பாடநெறிகளில் படித்த 6542 மாணவர்களின் பெறுபேறுகளை இவ்வாறு ஒப்பிட்டார். பெரும்பாலும் விரிவுரையாகவே நடந்த பாடநெறிகளின் சராசரி 0.23 ஆகவும், மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைத்தவற்றின் சராசரி 0.48 ஆகவும் இருந்தன.

இவ்வளவும் எழுதிவிட்டு என் கதையை மறைப்பது நியாயமில்லை. உயர்தரத்தில் மின்னியல் கணக்குகளை நான் தூக்கத்திலும் செய்வேன். முதலாம் வருடத்தில் விடுதி அறைத் தோழன் ஒருவன், ஒரே மாதிரியான இரண்டு மின்குமிழ்களைத் தொடராக ஒரு மின்கலத்துடன் இணைத்தால் எது கூடப் பிரகாசிக்கும் என்று கேட்டான். “முதலாவது” என்று சொல்லிவிட்டேன். முதலாவது குமிழ் கொஞ்ச மின்னோட்டத்தைக் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் மற்றதுக்கு விடும் என்ற படம் என் மனதில் அவ்வளவு காலமும் இருந்திருக்கிறது. இரண்டினூடும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது சமன்பாட்டில் மட்டும் தெரிந்த விடயம். “பழைய பிறிஜ் கரண்ட் குடிக்கும்” என்று வீட்டில் சொல்வார்கள். குடிக்கப்படுவது சக்தி, மின்னோட்டம் அல்ல.


குளக்கட்டு எழுதியது:

பாய்பொருளுக்கு நான் கேட்கும் வினா ஒன்று: இரணைமடுக் குளத்திலும் கோவில் கேணியிலும் நீர்மட்டத்தில் இருந்து 3 மீற்றர் ஆழத்தில் அமுக்கத்தை அளந்தால் எங்கே கூட இருக்கும்? குளம் பெரியது, அவ்வளவு தண்ணீரும் தள்ளும் என்பதே வழமையான விடை. இரண்டு இடத்திலும் நீரால் ஏற்படும் அமுக்கம் ஏறத்தாழ 29 400 பஸ்கால்தான். குளக்கட்டு ஏன் அடியில் அகன்று மேலே ஒடுங்குகிறது என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.


பரந்தன் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன், வெறுங்கையோடு வரவில்லை.

சொல் வாக்கியங்களை எழுதுவித்தேன். ஐயா சொன்னது சரி. விசை என்ற சொல்லுக்கு “தம்பி சைக்கிளை விசையாய் உழக்கினான்” என்ற வகையில் எழுதியவர்கள் பலர். அதன் பிறகு வினாக்களில் விசை வரும் இடங்களில் “எந்தப் பொருள் எந்தப் பொருளைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது” என்று சேர்த்து எழுதினேன். உச்சிப் பந்தை இந்த வடிவத்தில் மறுபடி கேட்டபோது, விசையே இல்லை என்றவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். ஆனால் இரண்டு அம்புக்காரர்கள் மாறவில்லை. அவர்களுக்குத் தமிழ் பிழைக்கவில்லை.

புள்ளி வழங்கவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் உறுதி, ஐயம், ஊகம் என்பவற்றுள் ஒன்றை எழுதச் சொன்னேன். 5 தெரிவுள்ள வினாக்களில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே ஐந்திலொன்று சரியாகிவிடும் என்பதால் இதைச் சேர்த்தேன். பிழையாகவும் உறுதியாகவும் வந்த விடைகள்தான் நான் திரும்பப் படிப்பிக்க வேண்டிய இடங்கள். வினாத்தாள்களை எண்ணி வாங்கிவிட்டேன். முன்னொரு தடவை நான் ஆக்கிய வினாத்தாள் ஒன்று மூன்றாம் நாளே ஒரு தனியார் வகுப்பில் விடைகளோடு நிழற்பிரதியாகிச் சுற்றியது. விடையைப் பாடமாக்கிவிட்டால் இந்த வகை வினா செத்துவிடும்.

மூன்றாம் விதிக்கு, மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று சைக்கிளோடு மோதினால் எதன்மீது தாக்கும் விசை பெரிது என்று கேட்டேன். ஏறத்தாழ வகுப்பு முழுவதும் “சைக்கிள்மீது”, அதுவும் “உறுதி”. சமனான விசை, திணிவில் உள்ள வேறுபாட்டால் ஆர்முடுகல்தான் வேறுபடுகிறது என்று நான் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டிருப்பார்கள். சொல்லவில்லை. அரிசி ஆலையில் இருந்து நெல் மூடை நிறுக்கும் தொங்கு தராசு இரண்டை இரவல் வாங்கி, கொக்கியோடு கொக்கி மாட்டி, வகுப்பிலேயே பெரிய பையனிடம் ஒன்றையும் மிகச் சிறியவனிடம் மற்றதையும் கொடுத்து, சீமெந்துத் தரையில் இழுக்கவிட்டேன். இரண்டு முள்ளும் 20ஐ ஒட்டி ஒன்றாகவே ஆடின. தராசு பழுது என்றார்கள். மாற்றிப் பிடித்தார்கள். அப்போதும் அப்படியே. பெரியவன் வேண்டுமென்றே மெதுவாக இழுக்கிறான் என்றார்கள். அவன் பலத்தையெல்லாம் போட்டு இழுத்தான், சிறியவன் இழுபட்டுப் போனான், முள்கள் இரண்டும் கூடிக் குறைந்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகவில்லை. அப்போது பின்வாங்கில் இருந்து, நான் முதலில் எழுதிய அதே மாணவி எழுந்து, “ரீச்சர், ரெண்டு பேரும் ஒரே அளவாத்தான் இழுக்கினம் எண்டால், சின்னவன் மட்டும் ஏன் அசையிறான்?” என்று கேட்டாள்.

மணி அடித்துவிட்டது. விடையை நான் சொல்லவில்லை. காலடி உராய்வைப் பற்றி நானே விளக்கிவிடுவதா, அல்லது அவர்களே கண்டுபிடிக்கும்படி ஏதாவது செய்யலாமா, ஐயா?


ஒட்டுசுட்டான் ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

விளக்க வேண்டாம், பிள்ளை. தராசுகளை இன்னும் ஒரு நாள் வைத்திருங்கள். பெரியவனுடைய செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் காலடியில் மட்டும் இரண்டு பிடி காய்ந்த மணலைத் தூவுங்கள். சிறியவன் சொரசொரப்பான இடத்தில் காலை ஊன்றி நிற்கட்டும். இழுக்கச் சொல்வதற்கு முன்னால், யார் அசைவார், முள்கள் என்ன காட்டும் என்பதை எல்லோரும் தாளில் எழுதி, பக்கத்தில் உறுதியா ஐயமா என்றும் குறித்து, உங்களிடம் தந்துவிட வேண்டும். பெரியவன் விழுந்தால் பிடிப்பதற்குப் பின்னால் இருவரை நிறுத்துங்கள்.